நாற்பதாவது கல்யாண நாளுக்கு எந்தக் கப்பல்?

கேள்வி:

நானும் கணவரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். ஹட்டனில் இருக்கிறோம். வருகிற பெப்ரவரியில் எங்களுக்குக் கல்யாணமாகி நாற்பது வருடம். மகன் ரொறன்ரோவில், மகள் லண்டனில். இரண்டு பேரும் சேர்ந்து எங்களை ஒரு சொகுசுக் கப்பலில் அனுப்பியே தீருவோம் என்கிறார்கள். எங்கள் இருவருக்கும் 7,000 அமெரிக்க டொலர் ஒதுக்கியிருக்கிறார்கள். சில்வர்சீதான் உயர்ந்த கம்பனி என்கிறான் மகன். ராயல் கரீபியன் என்றால் தானும் குடும்பத்தோடு வரலாம் என்கிறாள் மகள். அவளுடைய பிள்ளைகளுக்கு ஒன்பது வயதும் ஆறு வயதும். கொழும்பிலுள்ள என் தம்பியோ, சென்னையிலிருந்து போகும் கோர்டிலியாவே போதும், மிச்சத்தைப் பேங்கில் போடுங்கள் என்கிறார்.

நான் சைவம். இருவரும் மது தொடுவதில்லை. அவருக்கு முழங்கால் வலி. எனக்கு றம்பொட வளைவுகளில் பஸ் திரும்பும்போதே தலை சுற்றும். இன்னொன்றும் உண்டு. அவருடைய அண்ணா குடும்பம் எழுபதுகளில் தலைமன்னாரில் கப்பலேறி இந்தியா போனது. அன்றிலிருந்து கப்பல் என்றாலே அவர் முகம் மாறிவிடும். சொகுசு, சூழல், கொடுக்கும் காசுக்குப் பெறுமதி, மூன்றையும் பார்த்து எங்களுக்கு எது சரி என்று சொல்வீர்களா?

– ஓய்வுபெற்ற ஆசிரியை, ஹட்டன்

பதில்:

அன்புள்ள டீச்சர்,

உங்களுக்கும் சேருக்கும் முதலில் என் வாழ்த்துகள். முடிவை முன்னுக்கே சொல்லிவிடுகிறேன், காரணங்களை அப்புறம் பார்ப்போம். சில்வர்சீ மிக நல்ல கம்பனி, ஆனால் உங்கள் இருவருக்கும் அது வேண்டாம். மகள் சொல்வது போலப் பெரிய கப்பலிலேயே போங்கள். மகன் ஆசைப்படும் சொகுசை அந்தக் கப்பலுக்குள் ஒரு நல்ல அறையாக வாங்குங்கள். சிங்கப்பூரிலிருந்து புறப்படுங்கள். நான்கு, ஐந்து இரவு போதும். மகனையும் சிங்கப்பூருக்கு வரச் சொல்லுங்கள்.

மகனுடைய கட்சியில் நியாயம் இருக்கிறது, அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன். கப்பல் விளம்பரங்களில் சொகுசு என்று காட்டுவது சரவிளக்கும் பளிங்குப் படியும்தான். கடலில் ஒரு வாரம் இருக்கும்போது உடம்புக்கும் மனதுக்கும் தெரிகிற சொகுசு இரண்டே விஷயம். ஒரு ஆளுக்கு எவ்வளவு இடம் கிடைக்கிறது, எத்தனை ஆளுக்கு ஒரு பணியாளர் இருக்கிறார். இரண்டையும் நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு கப்பலின் விபரத்திலும் மொத்தத் தொன் என்று ஓர் எண் இருக்கும். அது எடை அல்ல, கப்பலின் மூடிய உள்ளிடத்தைக் காட்டும் அளவு. அதைப் பயணிகளின் தொகையால் வகுத்தால் ஆளுக்கு எவ்வளவு இடம் என்று தெரிந்துவிடும்.

சில்வர்சீயின் சில்வர் நோவா 54,700 தொன், பயணிகள் 728 பேர். வகுத்தால் 75 வரும். குனார்ட் கம்பனியின் குயின் மேரி 2 ஏறத்தாழ 149,000 தொன், 2,691 பேர், ஆகவே 55. ராயல் கரீபியனின் ஐகன் ஒஃப் த சீஸ் 248,663 தொன் கொண்ட பிரமாண்டம், ஆனால் அறைக்கு இரண்டு பேர் என்று கணக்கிட்டாலே 5,610 பேர், ஆகவே 44. சிங்கப்பூரிலிருந்து ஓடும் ஜென்டிங் ட்ரீமும் கிட்டத்தட்ட அதே அளவு, 45. உங்கள் தம்பி சொல்லும் கோர்டிலியாவின் எம்ப்ரஸ் முப்பதை ஒட்டி நிற்கும். பணியாளரை எடுத்துக்கொண்டால், சில்வர் நோவாவில் மூன்று பணியாளருக்கு நான்கு பயணிகள். ஐகனில் ஒருவருக்கு இரண்டரைப் பேர் அளவில். காலை உணவுக்கு வரிசையில் நிற்கிறோமா, உட்கார்ந்த இடத்துக்குத் தட்டு வருகிறதா என்பதை இந்த எண்களே சொல்லிவிடும்.

இதிலே கம்பனிகள் உரக்கச் சொல்லாத ஒன்று உண்டு. அறைக்கு இரண்டு பேர் என்ற கணக்குச் சாதாரண வாரத்துக்குத்தான் பொருந்தும். பாடசாலை விடுமுறையில் மூன்றாவது, நான்காவது கட்டிலும் நிறைந்துவிடும். ஐகனில் நெருக்கிப் பிடித்தால் 7,600 பேர் வரை ஏறலாம். அப்போது அந்த 44 என்பது 33 ஆகிவிடும். கப்பல் அதே கப்பல்தான், விலையோ விடுமுறை என்பதால் இன்னும் கூட. எந்தக் கம்பனி என்று வீட்டில் வாதாடுகிற அளவுக்கு எந்த வாரம் என்று யாரும் வாதாடுவதில்லை. எனக்கு வாரம்தான் முக்கியமாகப் படுகிறது.

சரி, இவ்வளவு இடமும் ஆளும் சில்வர்சீயில் இருக்கும்போது ஏன் வேண்டாம் என்கிறேன்? அங்கே ஒவ்வொரு அறைக்கும் பட்லர் உண்டு. டிப்ஸ், இணையம், மது எல்லாம் விலைக்குள் அடங்கும். ரீஜென்ட் கம்பனி இன்னும் ஒரு படி மேலே போய்க் கரைச் சுற்றுலாக்களையும் சேர்த்தே கொடுக்கிறது. இந்த மாதிரிக் கப்பல்களில் ஆளுக்கு இரவொன்றுக்கு விலை பொதுவாக 500 டொலரை ஒட்டித்தான் தொடங்கும். இருவருக்கு ஏழு இரவு என்றால் பிள்ளைகள் ஒதுக்கிய 7,000 டொலர் அதோடு சரி. விமான டிக்கெட்டுக்கும் விசாவுக்கும் காப்புறுதிக்கும் மறுபடி அவர்கள் பையில் கை வைக்க வேண்டும். அந்த விலையில் ஒரு கனமான பங்கு மதுவுக்கு. பெரிய கப்பல்களில் மதுப் பொதியைத் தனியாக விற்கும் விலையைப் பார்த்தால் அந்தப் பங்கு எவ்வளவு என்று ஊகிக்கலாம்: ஆளுக்கு நாளொன்றுக்கு 60 டொலரிலிருந்து 100 டொலருக்கு மேலும் போகும். நீங்கள் இருவரும் தொடவே போவதில்லை. அடுத்தவர் குடிப்பதற்கு உங்கள் மகன் ஏன் காசு கட்ட வேண்டும்? பேரப்பிள்ளைகளையும் யோசியுங்கள். சில்வர்சீயில் சிறுவருக்கென்று ஒரு மூலைகூட ஒழுங்காக இல்லை. வைக்கிங் கம்பனியின் கப்பல்களில் பதினெட்டு வயதுக்குக் கீழே யாரையும் ஏற்றவே மாட்டார்கள்.

மகனுக்குத் தெரியாமல் இருக்கலாம், சில்வர்சீ இப்போது ராயல் கரீபியன் குழுமத்துக்கே சொந்தம். 2018இல் மூன்றில் இரண்டு பங்கை வாங்கி, 2020இல் மிச்சத்தையும் வாங்கிவிட்டார்கள். அண்ணனும் தங்கையும் வாதாடுவது ஒரே முதலாளியின் இரண்டு கடைகளைப் பற்றித்தான்.

சூழல் என்று கேட்டிருந்தீர்கள். அதை நம் மலைநாட்டை வைத்தே சொன்னால் இலகு. சில்வர்சீ மாதிரிச் சிறிய கப்பல்கள், காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றி விடுதியாக மாற்றியிருக்கிறார்களே, அந்தப் பழைய துரை பங்களாக்களைப் போல. நான்கு பேர் பேசினால் ஐந்தாவது ஆளுக்குக் கேட்கும் அமைதி, பெயர் சொல்லி அழைக்கும் பட்லர். குனார்ட், நுவரெலியா ஹில் கிளப் போல. பிற்பகல் தேநீரை வெள்ளைக் கையுறை போட்ட பரிசாரகர்கள் கொண்டுவருவார்கள், மாலை ஆறு மணிக்குப் பிறகு உடையைப் பார்ப்பார்கள், சில இரவுகளில் ஆண்கள் சூட் போட வேண்டும், நடன மண்டபத்தில் வாத்தியக் குழு வாசிக்கும். ராயல் கரீபியன், ஜென்டிங் ட்ரீம் இரண்டும் ஏப்ரல் வசந்த காலத்தில் நுவரெலியா டவுண் எப்படி இருக்குமோ அப்படி. சனம், பாட்டு, பிள்ளைகளின் சத்தம், எங்கே பார்த்தாலும் சாப்பாடு. இதில் எதையும் குறையாகச் சொல்லவில்லை. பேரப்பிள்ளைகளோடு ஏப்ரலில் கிரகரி வாவிக்குப் போய்வந்து சந்தோஷப்படுகிறவர்களுக்குப் பங்களாவின் அமைதி இரண்டாம் நாளே அலுத்துவிடும்.

உடையைப் பற்றி மட்டும் கவலை வேண்டாம். குனார்டின் மிகச் சம்பிரதாயமான இரவுக்கும் பட்டுச்சேலை போதும்.

பெரிய கப்பலின் சத்தத்திலிருந்து விலகியிருக்கவும் ஒரு வழி உண்டு. உங்களுக்கு நான் சிபாரிசு செய்வது அதைத்தான். இப்போது பல பெரிய கப்பல்களில் சூட் எனப்படும் பெரிய சொகுசு அறைக்காரருக்கென்று ஒரு தனிப் பகுதி இருக்கிறது. எம்.எஸ்.சி கப்பல்களில் அதற்கு யாட் கிளப் என்று பெயர், நோர்வீஜியனில் ஹேவன், ஜென்டிங் ட்ரீமில் பேலஸ். அங்கே தனி நீச்சல் தடாகம், தனிச் சாப்பாட்டறை, பட்லர் எல்லாம் கிடைக்கும். காலையில் பேரப்பிள்ளைகள் சறுக்குக் குழாயில் கூத்தடிக்கட்டும். சேர் அமைதியாக உட்கார்ந்து பத்திரிகை படிக்கட்டும். பின்னேரம் எல்லாரும் ஒன்றாகச் சாப்பிடலாம். நடமாடும் இடமும் கவனிக்கும் ஆளும், நான் முதலில் சொன்ன அந்த இரண்டு சொகுசும், சில்வர்சீ விலை கொடுக்காமலே உங்களுக்குக் கிடைத்துவிடும். ராயல் கரீபியனில் ஜூனியர் சூட் எடுத்தாலும் பரவாயில்லை. அவர்களுடைய குவாண்டம் வகைக் கப்பல்களில் பல்கனி அறை ஏறத்தாழ 200 சதுர அடி, ஜூனியர் சூட் 270 சதுர அடியை ஒட்டி வரும். அந்தக் கூடுதல் இடம், முழங்கால் மடக்கக் கஷ்டப்படுகிற ஒருவருக்கு இரவில் கட்டிலைச் சுற்றி வரும்போது தெரியும்.

ஏன் சிங்கப்பூர்? முதல் காரணம் விசா. இலங்கைக் கடவுச்சீட்டுக்குச் சிங்கப்பூர் போக விசா தேவையில்லை, முன்கூட்டியே இணையத்தில் வருகை அட்டையை நிரப்பினால் போதும். கனடா, பிரித்தானியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் பிள்ளைகளுக்கும் அப்படித்தான். மத்தியதரைக் கடல் என்றால் உங்கள் இருவருக்கும் ஷெங்கன் விசா, அதாவது ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா, வேண்டும். கப்பல் துருக்கிக்குப் போய்த் திரும்பி வருகிறது என்றால் பலமுறை நுழையும் விசாவாகவும் இருக்க வேண்டும், ஒருமுறை நுழையும் விசாவோடு போனால் சிக்கல். மகள் வீட்டில் தங்கி, சவுத்ஹாம்டனில் ஏறி நோர்வே பார்க்கலாமே என்று யாராவது ஆசை காட்டினால், பிரித்தானிய விசா ஒன்று, ஷெங்கன் இன்னொன்று, ஆக இரண்டு எடுக்க வேண்டும். கொழும்புக்கு எத்தனை தரம் ஏறி இறங்குவது? சிவிட்டாவெக்கியா என்ற துறைமுகத்தை ரோம் என்றுதான் விற்பார்கள், ஆனால் அங்கிருந்து ரோம் நகரம் எண்பது கிலோமீட்டர் அளவு தூரம். போக ஒன்றரை மணிநேரம், கல் பதித்த வீதிகளில் நடை, திரும்ப ஒன்றரை மணிநேரம். சேரின் முழங்காலுக்கு அது தண்டனை.

இரண்டாவது காரணம் உங்கள் தலைசுற்று. மலாக்கா நீரிணை ஒரு பக்கம் சுமாத்திராவும் மறுபக்கம் மலாயாவும் மறைத்து நிற்கும் கடல், அங்கே பெரிய அலை எழுவது குறைவு. இந்தப் பருமனுள்ள கப்பல்களில் ஆட்டத்தைக் குறைக்கப் பக்கவாட்டுச் செட்டைகளும் உண்டு. றம்பொடயில் உங்களைப் படுத்துவது அடுத்தடுத்த வளைவுகள். கப்பல் அப்படித் திரும்பாது. இருந்தாலும் அறையை நடுப்பகுதியில், கூடியவரை கீழ்த் தளங்களில் கேளுங்கள். முன்முனையும் உச்சித் தளமும்தான் அதிகம் ஆடும். தலைசுற்றுக் குளிசையை உங்கள் வைத்தியரிடம் கேட்டு முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், வேறு மருந்தோடு ஒத்துவருமா என்று அவர் பார்க்க வேண்டும்.

பெப்ரவரி அந்தப் பக்கத்துக்கு நல்ல மாதம். தென்மேல் பருவக்காற்று இல்லாததால் புக்கெட் பக்கமும் கடல் அமைதியாக இருக்கும். ஆனால் சீனப் புத்தாண்டு ஜனவரி பிற்பகுதிக்கும் பெப்ரவரி மூன்றாம் வாரத்துக்கும் இடையில் எப்போதும் வரலாம். அந்த வாரத்தில் சிங்கப்பூர்க் கப்பல்கள் நிரம்பி வழியும், விலையும் ஏறும். லண்டன் பாடசாலைகளுக்குப் பெப்ரவரி நடுவில் ஒரு வாரம் விடுமுறை வரும், மகளுக்கு அதுதான் தோது. இரண்டு நாட்காட்டியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் மோதினால் கல்யாண நாளை ஒரு மாதம் தள்ளிக் கொண்டாடினாலும் ஒன்றும் குறைந்துவிடாது.

பயணப் பாதையில் பினாங்கு இருந்தால் அதையே எடுங்கள். அங்கே கப்பல் வந்து நிற்பது ஜோர்ஜ் டவுண் நகரின் வாசலில். இறங்கினால் சிறிது நடையிலேயே குட்டி இந்தியா, 1833இல் கட்டிய மகாமாரியம்மன் கோவில், வாழை இலைச் சாப்பாடு. ஒரு காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து மலாயாத் தோட்டங்களுக்குப் போன நம் சனம் கரையேறிய துறைமுகம் அது. கண்டிச் சீமைக்கு நம் பாட்டன்மார் நடந்து வந்த கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பீர்கள், அதன் மறுபாதியைப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட அந்த வீதிகளைப் போல இன்னொரு இடம் எனக்குத் தெரியாது. போர்ட் கிள்ளான் மட்டும் இருக்கும் பாதை வேண்டாம், அங்கிருந்து கோலாலம்பூர் போய்வரவே நாள் முடிந்துவிடும். புக்கெட்டில் பெரிய கப்பல்கள் பெரும்பாலும் தூரத்தில் நங்கூரமிட்டுச் சிறு படகில் கரைக்கு விடும். ஆடும் படகில் கால் வைத்து ஏறி இறங்குவது முழங்கால் வலிக்காரருக்கு ஆபத்து. சேர் அன்று கப்பலிலேயே இருக்கலாம், கப்பல் வெறிச்சோடிய நாள்தான் அதை அனுபவிக்க நல்ல நாள். மலேசியத் துறைமுகம் எது இருந்தாலும் இலங்கைக் கடவுச்சீட்டுக்கான விசா நிபந்தனையைக் கம்பனியிடம் எழுத்தில் கேளுங்கள். துறைமுகத்தில் இறங்காவிட்டாலும் விசா இல்லையென்றால் ஏற்றமாட்டோம் என்று சொல்லும் கம்பனிகள் இருக்கின்றன.

சிங்கப்பூரில் நிற்கும் கப்பல்களில் எது? ராயல் கரீபியன் எந்தக் கப்பலை அங்கே விடும் என்பது வருடத்துக்கு வருடம் மாறும். குவாண்டம் வகைக் கப்பல் கிடைத்தால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், மோதும் கார், கண்ணாடிக் கூண்டில் கடலுக்கு மேல் தூக்கிக் காட்டும் கை எல்லாம் அதில் உண்டு. ஜென்டிங் ட்ரீமில் இந்தியச் சாப்பாடு நன்றாக இருக்கும், பேலஸ் பகுதியும் இருக்கிறது. ஆனால் அதன் வெள்ளிக்கிழமைப் பயணங்கள் இரண்டு இரவுக் குறும்பயணங்கள், அதில் சூதாட்டத்துக்கும் குடிக்கும் வருகிற கூட்டம் அதிகம். வார நாளில் புறப்படும் நீண்ட பயணத்தைக் கேளுங்கள். டிஸ்னியின் அட்வெஞ்சர் கப்பலைப் பற்றி மகள் சொல்லக்கூடும். பிள்ளைகளுக்கு அது சொர்க்கம், ஆனால் அது துறைமுகம் எதற்கும் போகாமல் கடலில் சுற்றித் திரும்பும் பயணம். நாற்பதாவது கல்யாண நாள் யாருடையது என்று அவளிடம் அன்பாகக் கேளுங்கள்.

உங்கள் தம்பி சொன்ன கோர்டிலியாவை நான் ஒதுக்கவில்லை. 2023 ஜூனில் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று நம் கரைகளுக்கு வந்த கப்பல் அது. சாப்பாட்டுக்கு உங்களுக்குக் கவலையே இருக்காது. ஆனால் 1990இல் ஓடத் தொடங்கிய கப்பல், அதுவும் ராயல் கரீபியனே ஒரு காலத்தில் ஓட்டியது. அறைகள் சிறியவை. முதல்முறை கப்பல் எப்படி என்று பார்க்க நல்லது. பிள்ளைகள் நாற்பதாவது வருடத்துக்குத் தரும் பரிசாக அது எனக்குப் பொருந்தவில்லை.

இனிச் சேரின் விஷயம். நீங்கள் அதைக் கடிதத்தின் கடைசியில் எழுதியிருந்தாலும், எனக்கு அதுதான் முதல் கேள்வி. 1964இல் இலங்கைப் பிரதமர் ஸ்ரீமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, மலையகத் தமிழரில் 525,000 பேரை இந்தியா ஏற்பது என்று நம்மைக் கேட்காமலே பிரித்தார்கள். ஹட்டனிலும் நானுஓயாவிலும் கோச்சியில் ஏறி, தலைமன்னார் இறங்குதுறையில் இருந்து ராமேஸ்வரம் போன குடும்பங்களுக்குக் கப்பல் உல்லாசம் அல்ல. வழியனுப்ப நின்றவர்களுக்கும் அல்ல. பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்கும், ஆனால் எவ்வளவு ஆழம் என்று தெரியாமல் இருக்கலாம். ஆகவே அவருக்கு இன்ப அதிர்ச்சி கொடுக்க நினைக்க வேண்டாம். காசு கட்டுவதற்கு முன் பிள்ளைகள் அவரிடம் நேரே பேசட்டும். புறப்பட்ட துறைமுகத்துக்கே திரும்பி வரும் பயணம், குடும்பம் முழுக்க ஒரே கப்பலில், ஐந்தே இரவு என்று விபரமாகச் சொல்லட்டும். வேண்டாம் என்று அவர் சொன்னால் அதோடு விட்டுவிட வேண்டும், நாற்பது வருடத்தைக் கொண்டாட வேறு ஆயிரம் வழி இருக்கிறது.

அண்ணா குடும்பம் இப்போது எங்கே என்று நீங்கள் எழுதவில்லை. நம்மவர்களில் பலர் நீலகிரியில், தாயகம் திரும்பியவர்களுக்காகவே தமிழ்நாட்டு அரசு தொடங்கிய டான்டீ தேயிலைத் தோட்டங்களில் குடியேறினார்கள். அங்கேயோ வேறெங்கேயோ அவர்கள் பிள்ளைகளோடு தொடர்பு இருந்தால், கப்பல் பயணத்தை ஓர் இரவு குறைத்து, அந்தக் காசில் கொழும்பிலிருந்து சென்னைக்குப் பறந்து அவர்களைப் பார்த்துவிட்டு வாருங்கள். இந்திய விசா மட்டும் எடுத்தால் சரி. கப்பலுக்கு முன்னால் இதைச் செய்ய முடிந்தால் இன்னும் நல்லது. அவர் கப்பலேறும்போது மனம் வேறு மாதிரி இருக்கும் என்று நான் நம்புகிறேன்.

காசுக் கணக்குக்கு வருவோம். விளம்பர விலையை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அது அறையில் இரண்டு பேர் என்ற கணக்கில் ஒருவருக்கான விலை. அதற்கு மேல் துறைமுக வரி வரும். டிப்ஸ் பெரிய கப்பல்களில் ஆளுக்கு நாளொன்றுக்கு 18, 20 டொலர் அளவில் கணக்கில் தானாக ஏறும், சூட் அறைக்குக் கொஞ்சம் கூட. ஐந்து இரவுக்கு இருவருக்கு 200 டொலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிலர் கப்பல் வரவேற்பு மேசைக்குப் போய் அதை நீக்கச் சொல்வார்கள். தயவுசெய்து நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம். அறை துடைக்கும், தட்டு எடுக்கும் பிள்ளைகளின் வருமானத்தில் பெரும் பங்கு அதுதான், நம் மலையகப் பிள்ளைகளும் அந்த வேலைக்குப் போகிறார்கள். இணையம் தனி, கப்பல் எடுக்கும் படங்கள் தனி, சில உணவகங்கள் தனி. இணையம் வேண்டாம், சேரும் நீங்களும் ஐந்து நாள் வாட்ஸ்அப் இல்லாமல் இருப்பீர்கள், எல்லாரும் பக்கத்தில்தானே இருக்கிறார்கள். கரைச் சுற்றுலாவும் பினாங்குக்குத் தேவையில்லை. மிச்சப்படும் காசை அறைக்குப் போடுங்கள். காப்புறுதியில் மட்டும் கை வைக்காதீர்கள். கப்பல் வைத்தியருக்கு டொலரில்தான் கட்ட வேண்டும், கடலிலிருந்து ஒரு நோயாளியைக் கரைக்குக் கொண்டுபோகும் செலவு ஒரு வீட்டு விலைக்கு வந்துவிடும். முழங்கால் வலியை, சீனி, பிரஷர் இருந்தால் அவற்றையும், விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுதுங்கள்.

உங்கள் சாப்பாட்டைப் பற்றி ஒரு சொல். பதிவு செய்யும்போதே இந்திய சைவம் என்று எழுதச் சொல்லுங்கள், வெறும் வெஜிடேரியன் என்றால் தினமும் பாஸ்டாவும் வேகவைத்த மரக்கறியும் வரும். முதல் இரவே உங்கள் மேசைக்குப் பொறுப்பான தலைமைப் பரிசாரகரிடம் பேசுங்கள். அடுத்த நாள் என்ன சமைக்கலாம் என்று அவரே வந்து கேட்பார். தேத்தண்ணி விஷயத்தில் மட்டும் எந்தக் கப்பலையும் நம்பாதீர்கள், பெரும்பாலும் டீ பேக்தான். நம் பக்கத்துத் தூளில் ஒரு சின்னப் பக்கெட் பெட்டியில் இருக்கட்டும்.

சேருக்கு அறையை லிஃப்டுக்குப் பக்கத்தில் கேளுங்கள். குவாண்டம் வகைக் கப்பலின் நீளம் 348 மீட்டர், அறைக்கும் சாப்பாட்டறைக்கும் இடையில் ஒரு தெருவே நடக்க வேண்டிவரும். குளியலறையில் இருக்கை வைத்த, வாசலில் படி இல்லாத அறைகள் சில எப்போதும் இருக்கும். அவை முதலில் போய்விடும், ஆகவே இப்போதே கேட்க வேண்டும். விமான நிலையத்திலும் துறைமுகத்திலும் சக்கர நாற்காலி கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம், அது இலவசம். மருந்துகள் எல்லாம் கைப்பையில் இருக்கட்டும், பெரிய பெட்டி அறைக்கு வரப் பின்னேரமாகலாம். கப்பல் புறப்படுவதற்கு ஒரு நாள் முன்பே சிங்கப்பூரில் இறங்கிவிடுங்கள். ஹட்டனிலிருந்து கட்டுநாயக்கவுக்கு வேனில் நான்கைந்து மணிநேரம். கினிகத்தேனையில் ஒரு மண்சரிவு வந்தாலும் நேரம் தப்பிவிடும், கப்பல் யாருக்காகவும் நிற்காது.

பதிவைப் பிள்ளைகள் அங்கிருந்தே தங்கள் கார்டில் செய்யட்டும், டொலரும் ரூபாயும் மாறி மாறி நட்டப்பட வேண்டியதில்லை. உங்கள் அறையும் மகள் அறையும் மகன் அறையும் மூன்று பதிவாக இருந்தாலும் ஒன்றோடொன்று இணைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் இரவுச் சாப்பாட்டுக்கு மூன்று மேசையில் உட்கார வைப்பார்கள். மிகுதிப் பணத்தைப் பொதுவாகப் புறப்படுவதற்கு இரண்டு, மூன்று மாதம் முன்பே கேட்பார்கள். அதற்கு முன் உங்கள் இருவரின் கடவுச்சீட்டிலும் பயணம் முடிந்து ஆறு மாதத்துக்கு மேல் காலம் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் இந்த மாதமே புதுப்பிக்கக் கொடுத்துவிடுங்கள். முற்பணத்தில் திரும்பக் கிடைப்பது, கிடைக்காதது என்று இரண்டு வகை உண்டு. கிடைக்காதது கொஞ்சம் மலிவாக இருக்கும். சேர் இன்னும் சரி சொல்லாததால், திரும்பக் கிடைக்கும் வகையையே எடுக்கும்படி மகனிடம் சொல்லுங்கள்.